சேலம் நகரில் ஒரு பகல்: உருவெளிச் சான்றும் வரலாற்றுச் சான்றும்

தோற்றுவாய்

வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில், பாஸ்டன் மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் சேலம் என்னும் துறைமுக நகர் உள்ளது. நம் நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் பெயரொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. அமைதி எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லை அடியாகக் கொண்டு, 17ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலத் தூய்மைவாதச் சமயத்தார் இட்ட பெயர் அது. அமைதியின் பெயரைத் தாங்கிய அவ்வூரை இன்று உலகம் பேய்க்கும் சூனியத்துக்கும் உரிய ஊராகவே அறியும். 1692ஆம் ஆண்டில் அங்கு நடந்த வழக்குகளில், சூனியம் செய்தனர் என்னும் குற்றத்துக்காக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐவர் சிறையில் மாண்டனர்.

அந்நகரைக் காணச் செல்வோர் பலரும் காலையில் வந்து மாலையில் திரும்புவர். ஒரு பகற்பொழுதில் நடந்தே கண்டு முடிக்கத்தக்க அளவினது அது. ஆயின் அங்குக் காட்டப்படுவன எல்லாம் 1692ஆம் ஆண்டைச் சேர்ந்தன அல்ல. அவ்வாண்டைச் சேர்ந்தன எல்லாம் அங்குக் காட்டப்படுவனவும் அல்ல. ஆவணம் கூறும் வரலாறு ஒன்றாகவும், தெருவிற் கேட்கும் வரலாறு வேறொன்றாகவும் உள்ளன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் பணியாகும். கண்ணாற் காணாததைச் சான்றாகக் கொண்டு உயிர் கொன்ற நீதிமன்றம் இருந்த ஊரில், கண்ணாற் காண்பனவற்றையும் சான்று கேட்டே ஏற்றல் வேண்டும் என்பது யாம் நிறுவக் கருதுவது.

இரு சேலங்கள்

நகரின் பொதுப் பசும்புல்வெளியை ஒட்டி, சூனிய அருங்காட்சியகத்தின் எதிரே, வெண்கலச் சிலையொன்று பெரும்பாறைமீது நிற்கின்றது. நீண்ட போர்வையும் அகன்ற விளிம்புடைய உயர்ந்த தொப்பியும் உடைய அவ்வுருவத்தைக் காண்போர் பலர், சூனியக்காரர் ஒருவரின் சிலை என்றே கருதிப் படம் எடுத்துக்கொள்வர். உண்மையில் அவர் ரோஜர் கோனன்ட். 1626இல் அவ்வூரை நிறுவியவர். வழக்குகள் தொடங்குவதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1679இல், அவர் காலமானார். 1913இல் அவருக்கு எடுத்த சிலைக்கு எதிரே, 1972இல் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் சூனிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன்பின், சிலை நிற்கும் இடமே அதன் பொருளை மாற்றிவிட்டது. ஊரை உண்டாக்கியவரையே சூனியக்காரராகக் காணும் இப்பிழை சிறிதுதான்; எனினும் அந்நகரில் நாம் காணவிருக்கும் பிழைகளுக்கெல்லாம் அது தோற்றுவாய் போன்றது.

அடுத்து அறியவேண்டுவது, 1692இல் சேலம் என்னும் பெயர் இரு குடியிருப்புகளைக் குறித்தது என்பதாகும். ஒன்று, கடல் வாணிகம் செழித்த சேலம் நகரம். மற்றொன்று, அதற்கு வடமேற்கே உழவர் வாழ்ந்த சேலம் சிற்றூர். துன்பம் தொடங்கியது சிற்றூரில். தீர்ப்பும் தண்டனையும் நடந்தவை நகரத்தில். சிற்றூர் 1752இல் தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிந்து டேன்வர்ஸ் எனப் பெயர் பெற்றது. அதனால், சூனியக் குற்றச்சாட்டு முதன்முதல் எழுந்த மதகுருவின் இல்லத்தைத் தேடுவோர் சேலத்தில் அதனைக் காணார். 1970இல் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட அதன் கல் அடித்தளம் டேன்வர்ஸில், வீடுகளுக்குப் பின்னே அமைதியாகக் கிடக்கின்றது. பெயர் ஓரூரிலும் நிகழ்ச்சியின் பிறப்பிடம் மற்றோரூரிலும் நின்றுவிட்டன.

1692ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள்

அக்கால ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினர். அவர்தம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கிற்று. எனவே ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள ஆவணங்களில் இரண்டு ஆண்டெண்கள் இணைந்து வருதலை ஆய்வாளர் மறத்தல் ஆகாது. ஈண்டு நாம் இக்கால முறைப்படி ஆண்டைக் குறிப்போம்.

1692 ஜனவரியில், சிற்றூரின் மதகுரு சாமுவேல் பாரிஸின் இல்லத்தில் 9 வயதுடைய அவர் மகளும், 11 வயதுடைய அபிகேல் வில்லியம்ஸ் என்னும் உறவுச் சிறுமியும் காரணம் அறியப்படாத வலிப்புக்கும் அலறலுக்கும் ஆளாயினர். பிப்ரவரி இறுதியில் மூன்று பெண்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருத்தி இரந்துண்டு வாழ்ந்த சாரா குட். மற்றொருத்தி நோயுற்றிருந்த சாரா ஆஸ்பர்ன். மூன்றாமவள் மதகுருவின் அடிமையாகிய டிட்யூபா. ஊரில் எதிர்த்துப் பேச வலிமை குறைந்தோரே முதலிற் சுட்டப்பட்டமை கருதத்தக்கது. மார்ச் முதல் நாள், நகரத்து நீதிபதிகளான ஜான் ஹாத்தோர்னும் ஜொனாத்தன் கார்வினும் சிற்றூருக்கு வந்து விசாரணையைத் தொடங்கினர். டிட்யூபா குற்றத்தை ஒப்புக்கொண்டு, வேறு சிலரும் உளர் என்றாள். அச்சொல்லே பெருந்தீக்குப் பொறியாயிற்று.

அதன்பின் குற்றச்சாட்டு இரவலரை விட்டு மதிப்புமிக்க குடும்பங்களை நோக்கிப் படர்ந்தது. சாரா குட்டின் மகள், நான்கைந்து வயதுக் குழந்தை, சிறைப்படுத்தப்பட்டாள். 71 வயதுடையவரும் தேவாலயத்தில் நன்மதிப்புப் பெற்றவருமான ரெபெக்கா நர்ஸ் பிடிக்கப்பட்டார். மே மாதத்தில் புதிய ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் வந்து சேர்ந்து, தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அதன் தலைவர் வில்லியம் ஸ்டவுட்டன். ஜூன் 10இல் பிரிட்ஜெட் பிஷப் தூக்கிலிடப்பட்டாள். ஜூலை 19இல் ஐவர், ஆகஸ்டு 19இல் ஐவர், செப்டம்பர் 22இல் எண்மர் எனத் தொடர்ந்து, 14 பெண்களும் 5 ஆண்களும் உயிரிழந்தனர். குற்றம் உண்டு எனவோ இல்லை எனவோ கூறி வழக்குக்கு உடன்பட மறுத்த முதிய உழவர் கைல்ஸ் கோரி, செப்டம்பர் 19இல், மார்பின்மீது கற்களை அடுக்கி நசுக்கப்பட்டு மாண்டார்.

இத்துன்பத்தின் காரணம் குறித்து அறிஞர் பலவாறு கூறுவர். பால் பாயரும் ஸ்டீபன் நிசன்பாமும் 1974இல் வெளியிட்ட நூலில், சிற்றூரின் குடும்பப் பகைகளையும் நிலத்தகராறுகளையும் முதன்மைப்படுத்தினர். மேரி பெத் நார்ட்டன் 2002இல், எல்லைப்புறத்தில் வபனாக்கித் தொல்குடியினரோடு நடந்த போரின் அச்சத்தை முன்னிறுத்தினார். கம்பு தானியத்திற் படரும் எர்காட் பூஞ்சையின் நஞ்சே காரணம் என 1976இல் ஒரு கருத்து எழுந்து, அவ்வாண்டிலேயே மறுக்கப்பட்டது. பொதுமக்களிடையே பரவி நிற்பது மறுக்கப்பட்ட அக்கருத்தே ஆகும். நஞ்சு சிறுமியரின் வலிப்பை விளக்கலாம் எனக் கொள்ளினும், நீதிபதியரின் தீர்ப்பை அது விளக்காது.

உருவெளிச் சான்று

அந்நீதிமன்றம் எதனைச் சான்றாகக் கொண்டது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. குற்றம் சாட்டப்பட்டவரின் உடல் ஓரிடத்தில் இருக்க, அவர் உருவம் மட்டும் தனித்து வந்து தம்மைக் கிள்ளிற்று, கடித்தது, கழுத்தை நெரித்தது எனப் பாதிக்கப்பட்டோர் உரைத்தனர். அவ்வுருவம் அவர் கண்களுக்கன்றிப் பிறர்க்குப் புலப்படாது. தமிழ் அகப்பொருள் மரபில் தலைவியின் உருவம் தலைவன் கண்ணெதிரே தோன்றுதலை உருவெளிப்பாடு என்பர். அச்சொல்லைத் தழுவி இதனை உருவெளிச் சான்று எனக் குறிப்பது பொருந்தும். தலைவன் காணும் உருவெளி அவன் உள்ளத்தின் நிலையையே காட்டும். தலைவி அங்கு வந்தாள் என்பதற்கு எவரும் அதனைச் சான்றாகக் கொள்ளார். சேலத்து நீதிமன்றமோ, காண்பவரின் உள்ளநிலையைக் காணப்பட்டவரின் செயலாகக் கொண்டது. ஒருவர் இசைவின்றிச் சாத்தான் அவர் வடிவத்தை எடுத்தல் இயலாது என்பது ஸ்டவுட்டனின் துணிபு. அத்துணிபை ஏற்றபின், குற்றமற்றவர்க்கு மறுமொழியே இல்லை. தாம் அவ்வேளை வேறிடத்தில் இருந்ததாக மெய்ப்பித்தாலும் பயனில்லை. சென்றது உடலன்று, உருவம் என்றே வழக்கு.

இம்முறையில் ஒரு சொல்லின் பொருளும் உயிரைக் கொன்றது. ரெபெக்கா நர்ஸுக்காக அயலார் 39 பேர் கையெழுத்திட்டு நற்சான்று வழங்கினர். ஜூரியினர் முதலில் அவர் குற்றமற்றவர் என்றே கூறினர். அப்போது தலைமை நீதிபதி, நர்ஸ் கூறிய ஒரு சொற்றொடரை அவர்களுக்கு நினைவூட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்ட கைதி ஒருத்தி சாட்சியாக வந்தபோது, அவள் நம்மைச் சேர்ந்தவள் என்னும் கருத்துப்பட நர்ஸ் வியந்து பேசியிருந்தார். உடன் சிறையிருந்தவள் என்பது அவர் கருதிய பொருள். உடன் சூனியம் செய்தவள் என்பது மன்று கொண்ட பொருள். விளக்கம் கேட்டபோது செவிப்புலன் குறைந்த அம்மூதாட்டிக்குக் கேள்வி எட்டவில்லை, விடை வரவில்லை. அம்மௌனத்தைக் குற்றமாகக் கொண்டு ஜூரியினர் தீர்ப்பை மாற்றினர். சொல்லுக்கு இடம்நோக்கிப் பொருள் காணாமையின் கேடு இதனினும் கொடிதாக வேறெங்கும் வெளிப்பட்டிருத்தல் அரிது.

மற்றொரு கொடுமையும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற எவரும் அவ்வாண்டில் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டு பின்னர் மறுத்த சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார். எனவே, பொய் கூறின் உயிர் எஞ்சும். மெய் கூறின் உயிர் போகும் என்பது அனைவர்க்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் மெய்யையே கூறி மாண்டவர் அவர்கள். நர்ஸின் தங்கை மேரி ஈஸ்டி, தண்டனை பெற்றபின் நீதிபதியர்க்கு ஒரு விண்ணப்பம் விடுத்தாள். தன் உயிரை அதில் அவள் கேட்கவில்லை. இனிக் குற்றமற்ற குருதி சிந்தாதிருக்கக் குற்றம் சாட்டுவோரைச் சில காலம் தனித்தனியே பிரித்துவைத்து நுணுகி விசாரிக்குமாறும், ஒப்புக்கொண்டோரையும் ஆராயுமாறும் வேண்டினாள். சாட்சியைச் சாட்சியோடு ஒத்துநோக்கல் என்னும் ஆராய்ச்சி நெறி, நீதிபதியர் மறந்தவிடத்து, தூக்குமரத்தை நோக்கி நின்ற ஒரு பெண்ணின் எழுத்தில் விளங்குகின்றது. செப்டம்பர் 22இல் அவளும் தூக்கிலிடப்பட்டாள்.

அக்டோபரில் மதகுரு இன்கிரீஸ் மேதர் உருவெளிச் சான்றை மட்டும் கொண்டு உயிர்த்தண்டனை விதித்தல் ஆகாது என வாதிட்டார். அம்மாத இறுதியில் ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் கூடியபோது உருவெளிச் சான்றுக்கு மதிப்பில்லை. அப்போது குற்றவாளியராகக் காணப்பட்டவர் மூவரே. அவர்களும் தூக்கினின்று தப்பினர். சான்றின் இலக்கணம் மாறியதும் சூனியமும் மறைந்தது.

நகரிற் காணும் இடங்கள்

இவ்வரலாற்றை உளங்கொண்டு நகருள் நடப்போம். வழக்குகள் நடந்த மன்றம் இன்றைய வாஷிங்டன் தெருவின் நடுவே இருந்தது. கட்டடம் இன்றில்லை, செய்தியை அறிவிக்கும் தகடு ஒன்றே உண்டு. விரைந்து நடப்போர் அதனைக் காணாமலே செல்வர். அதற்குச் சிறிது தொலைவில், தெருமுனைப் பூங்காவில், பிறைநிலாவின்மேல் துடைப்பக்கட்டையில் அமர்ந்த ஒரு பெண்ணின் சிலையைக் காணாமற் செல்வோர் இல்லை. அது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் கதைத்தலைவிக்கு 2005இல் எடுத்த சிலை. அத்தொடரின் சில பகுதிகள் 1970இல் இந்நகரிற் படமாக்கப்பட்டன. 1890களிலேயே உள்ளூர் நகைவணிகர் ஒருவர் சூனியக்காரியின் உருவம் பொறித்த வெள்ளிக் கரண்டியை நினைவுப்பொருளாக விற்றார். 1982 முதல் அக்டோபர் மாதந்தோறும் பேய்த் திருவிழா நடைபெறுகின்றது. காவலர் சின்னத்திலும் துடைப்பத்தில் பறக்கும் உருவமே உள்ளது.

எசெக்ஸ் தெருவில் கருநிற மரப்பலகை வேய்ந்த பழைய வீடு ஒன்று சூனிய மனை என அழைக்கப்படும். பெயரைக் கேட்போர் அங்குச் சூனியக்காரி வாழ்ந்தாள் எனக் கருதுவர். வாழ்ந்தவரோ நீதிபதி கார்வின். 1675இல் அதனை விலைக்கு வாங்கியவர். சேலம் நகரத்தில் இன்றும் நின்று, வழக்குகளோடு நேர்த்தொடர்பு உடையது அவ்வீடு ஒன்றே. சாலையை அகலப்படுத்தியபோது, 1940களில், அழிவினின்று காக்க அதனைச் சில அடி நகர்த்திச் செப்பனிட்டனர். 1948இல் அது காட்சியகமாயிற்று. எனவே எஞ்சிய ஒரே வீடும் தன் பழைய இடத்தில் இல்லை. தன் உண்மைப் பெயரிலும் இல்லை.

அங்கிருந்து மீண்டு சார்ட்டர் தெருவை அடைந்தால், 17ஆம் நூற்றாண்டு இடுகாடும் அதனை அடுத்து 1992இல் அமைந்த நினைவிடமும் உள்ளன. வழக்குகளின் 300ஆம் ஆண்டில் அதனைத் திறந்துவைத்தவர், நாஜி வதைமுகாமினின்று உயிர்தப்பிய எழுத்தாளர் எலீ வீசல். தாழ்ந்த கருங்கற் சுவரினின்று 20 கற்பலகைகள் இருக்கை போல் நீண்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரும், இறந்த முறையும், நாளும் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வாயிற் கற்களில் அவர்கள் தம் குற்றமின்மையை உரைத்த சொற்கள் வெட்டப்பட்டு, சுவரின் கீழ்ச் சென்று பாதியில் மறைகின்றன. கேளாச் செவிகளுக்கு அது குறியீடு. சுவருக்கு அப்பால் இடுகாட்டில், பெயர் பொறித்த நடுகல்லின் கீழ்த் துயில்பவருள் ஒருவர் நீதிபதி ஜான் ஹாத்தோர்ன். தீர்ப்புக்கு வழி செய்தவர்க்குக் கல்லறை உண்டு. மாண்டவர்க்கு இவ்விடுகாட்டில் ஒரு கல்லறையும் இல்லை. எவ்விதப் பேய்க்கதையும் இன்றி நெஞ்சை நடுக்குவது இவ்விடமே.

ஜான் ஹாத்தோர்னின் வழித்தோன்றலே புதினப் பேராசிரியர் நதானியேல் ஹாத்தோர்ன். 1804இல் இந்நகரிற் பிறந்த அவர் தம் குடும்பப் பெயரின் எழுத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினார். 1846 முதல் 1849 வரை இத்துறைமுகச் சுங்க மனையில் அலுவல் பார்த்தார். 1851இல் வெளிவந்த ‘ஏழு முகட்டு மாளிகை’ என்னும் புதினத்தில், சூனியக் குற்றத்தால் நிலமிழந்து மாண்டவன் இட்ட சாபம் தலைமுறைதோறும் தொடர்வதைப் படைத்தார். 1668இல் கட்டப்பெற்ற அம்மாளிகை கடலோரத்தில் இன்றும் உள்ளது. புதினத்தின் சாபத்தை வீட்டின் வரலாறாகவே கொண்டு திரும்புவோர் பலர். முன்னோர் பழியைத் தம் பழியாக உணர்ந்த ஒரு புலவனின் உள்ளமே அச்சாபம் எனக் கொள்வது ஏற்புடைத்து.

சுங்க மனையும் நீண்ட கப்பல் மேடையும் சேலத்தின் மற்றொரு வரலாற்றை உணர்த்துவன. அமெரிக்க விடுதலைக்குப் பின் இந்நகர்க் கலங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழைநாடுகளுக்கு வந்தன. சென்னையிலும் கல்கத்தாவிலும் வாணிகம் செய்தன. சுமத்ராவினின்று மிளகை ஏற்றிச் சென்றன. அம்முனையையோ தென்னமெரிக்க முனையையோ கடந்துவந்த கலத்தலைவர்கள் 1799இல் நிறுவிய சங்கத்தின் சேர்க்கையே, இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் வித்து. இந்தியக் கலைப்பொருள்களும் அங்கு நிரம்ப உள்ளன. நம் கடற்கரையோடு உறவு கொண்டிருந்த அச்சேலம், சூனியச் சேலத்தின் நிழலில் மறைந்து நிற்கின்றது.

பேய்க்கதையும் ஆவணமும்

தெருக்களிற் கேட்கும் கதைகளுள் மூன்றை ஈண்டு ஆராய்தல் போதும். முதலாவது, சூனியக்காரியர் எரிக்கப்பட்டனர் என்பது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் எரித்தல் உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் இக்குற்றத்துக்குத் தூக்கே தண்டனை. சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை.

இரண்டாவது, ஆப்பிரிக்க மாந்திரிகம் அறிந்த டிட்யூபா சிறுமியர்க்கு அதனைக் கற்பித்தாள் என்பது. 1692ஆம் ஆண்டு ஆவணங்கள் அவளை இந்தியப் பெண் என்றே குறிக்கின்றன. அச்சொல் அமெரிக்கத் தொல்குடியைக் குறிப்பது; நம் நாட்டைக் குறித்ததாகக் கொள்ளல் ஆகாது. 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் அவள் இனத்தைப் படிப்படியாக மாற்றினர் என்பதனை 1974இல் சாட்விக் ஹான்சன் தெளிவுறக் காட்டினார். அவள் விசாரணையில் கூறியனவோ, ஆங்கிலேயர் தம் சூனியக் கதைகளில் வழங்கியவற்றையே பெரிதும் ஒத்துள்ளன. வினவியோர் எதிர்பார்த்த விடையையே அடிமை கூறினாள் எனலாம்.

மூன்றாவது, கைல்ஸ் கோரி இறக்கும்போது ஷெரீபையும் நகரையும் சபித்தார் என்பதும், அவர் ஆவி ஹோவர்டு தெரு இடுகாட்டருகே தோன்றி நகருக்கு வரும் கேட்டை முன்னறிவிக்கும் என்பதும் ஆம். 1914இல் நகரின் பெரும்பகுதியை அழித்த தீக்கு முன்னும் அது தோன்றிற்று என்பர். சாபத்துக்கு 1692ஆம் ஆண்டு ஆவணங்களிற் சான்றில்லை. அவ்விடுகாடும் அவர் மாண்டு நூறாண்டுக்குப் பின்னரே உண்டாயிற்று. அஞ்சாது மௌனம் காத்த மனிதரின் உறுதியை மறைத்து, அஞ்சத்தக்க ஆவியை அக்கதை முன்னிறுத்துகின்றது.

தூக்கிலிட்ட இடத்தின் வரலாறும் இவ்வகையினதே. நெடுங்காலம் தூக்குமேட்டுக் குன்றின் உச்சியே அவ்விடம் எனக் காட்டப்பட்டது. சிட்னி பெர்லி என்னும் வரலாற்றாசிரியர் 1921இல், குன்றின் அடியிலுள்ள பிராக்டர் பாறைச்சரிவே அது என வாதிட்டார். 2016இல் ஆய்வாளர் குழு ஒன்று அதனை உறுதிசெய்தது. ஆகஸ்டு 19ஆம் நாள் சிறைப்படுத்திக் கொணரப்பட்ட ரெபெக்கா ஈம்ஸ் என்பாள், குன்றின் கீழுள்ள வீட்டினின்று தூக்கிலிடும் இடத்தில் சிலரைக் கண்டதாக விசாரணையில் ஒரு வரியிற் கூறியிருந்தாள். அவ்வீடு எது எனக் கண்டு, அங்கிருந்து எவ்விடம் கண்ணுக்குப் புலப்படும் என நிலவரைபடக் கணிப்பால் தெளிந்தனர். நிலத்தை ஊடுருவும் ரேடார் கருவியால் ஆய்ந்தபோது, அங்கு மண் ஆழமின்மையும் உடல்கள் புதையாமையும் விளங்கின. 325 ஆண்டுகள் நிறைந்த 2017 ஜூலை 19இல் நினைவிடம் திறக்கப்பட்டது. வீடுகளுக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் பின்னே, வளைந்த கற்சுவரில் 19 பெயர்கள். நடுவே ஒரு மரம். நகர நடுவினின்று ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே உள்ள இதற்கு மாலை வேளையிற் செல்வோர் சிலரே. ஒரு பெண் தற்செயலாகக் கூறிய மெய்ச்சான்று, உருவெளிச் சான்றுகள் அனைத்தும் அழிந்தபின், மூன்று நூற்றாண்டு கடந்தும் பயன் தந்தமை நினைந்து போற்றத்தக்கது.

பழியும் கழுவாயும்

1697 ஜனவரி 14ஆம் நாளை மாநிலம் நோன்பு நாளாகக் கொண்டது. அன்று நீதிபதி சாமுவேல் சீவல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவர் பழியேற்ற உரையை மதகுரு படித்தார். ஜூரியினர் பன்னிருவரும் எழுத்தில் மன்னிப்பு வேண்டினர். ஸ்டவுட்டன் இறுதிவரை வருந்தவில்லை. 1706இல் குற்றம் சாட்டியோருள் ஒருத்தியாகிய ஆன் பட்னம், சிற்றூர்த் தேவாலயத்தில் தன் பிழையை ஒப்புக்கொண்டாள். 1711இல் 22 பேர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டு, குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. விண்ணப்பிக்க உறவினர் இல்லாதோர் விடுபட்டனர். 1957இல் மாநிலச் சட்டமன்றம் ஆன் பியுடியேட்டர் என்னும் ஒருவரையே பெயர் சுட்டி, ஏனையோரைப் பொதுவிற் குறித்து வருத்தம் தெரிவித்தது. 2001இல் மேலும் ஐவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1693இல் தண்டனை பெற்றுத் தூக்கினின்று தப்பிய எலிசபெத் ஜான்சன் என்பாளின் பெயர் மட்டும் எஞ்சி நின்றது. அவளுக்கு மக்கள் இல்லை. பள்ளி மாணவர் வகுப்பொன்று ஆவணங்களைப் படித்து எடுத்த முயற்சியால், 2022இல் அவள்மீதான குற்றமும் நீக்கப்பட்டது. ஒன்பது திங்களில் ஏற்றிய பழியை முற்றும் இறக்க 330 ஆண்டுகள் சென்றன.

முடிவுரை

இக்காலத்தில் சூனியத்தைத் தம் சமயநெறியாகக் கொண்டு சேலத்தில் வாழ்வோர் உளர். அவர்தம் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் 1692இல் மாண்டவர் அந்நெறியினர் அல்லர். சூனியக்காரர் என்னும் பெயரை ஏற்றிருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர். அதனை ஏலாமையே அவர்தம் சாவுக்குக் காரணம். அவ்வாறிருக்க, அவர்கள் மாண்ட ஊரைச் சூனிய நகர் எனப் பெயரிட்டு விளம்பரம் செய்தல், அவர்கள் உயிர்கொடுத்து மறுத்த சொல்லையே மீண்டும் அவர்கள்மீது சூட்டுதல் ஆகாதோ? விழாவும் வாணிகமும் ஊரார்க்குப் பிழைப்பு தருவன என்பது உண்மையே. அவ்வருவாயின்றி நினைவிடங்களைப் பேணுதலும் அரிதாகலாம். எனினும் பேயைக் காண வருவோர்க்கு மனிதரைக் காட்டி அனுப்புதல் அந்நகரின் கடன்.

நம் நாட்டவரும் இதனைப் பிறர் கதையாகக் கருதி அமைதல் இயலாது. சூனியக்காரி எனப் பெண்களைப் பழித்துத் துன்புறுத்துதலைத் தடுக்கப் பீகார் 1999இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஜார்க்கண்டு 2001இல் அதனை மேற்கொண்டது. சட்டம் தேவைப்பட்டதே குற்றம் நிகழ்தற்குச் சான்று.

தனி நீதிமன்றத்தின் தீர்ப்பேடு கிடைக்கவில்லை. ஆயினும் பிடியாணைகளும் விசாரணைக் குறிப்புகளும் வாக்குமூலங்களும் விண்ணப்பங்களும் பெருந்தொகையாக எஞ்சியுள்ளன. பெர்னார்டு ரோசன்தாலும் அவர் குழுவினரும் 2009இல் அவற்றைக் கால வரிசைப்படுத்திப் பதிப்பித்தனர். சேலம் செல்லும் தமிழாய்வாளர், செல்லுமுன் அத்தொகுப்பிலுள்ள மேரி ஈஸ்டியின் விண்ணப்பத்தையேனும் படித்துச் செல்லுதல் நன்று. சாட்சிகளைப் பிரித்துவைத்து ஆராய்க என அவள் நீதிபதியரிடம் வேண்டியது நிறைவேறவில்லை. அவ்வேண்டுகோளை நிறைவேற்றும் பொறுப்பு இன்று வரலாறு எழுதுவோர்பால் உள்ளது.